மூணு பெட்டிக் காரு

வெயிலம்மாளின் மணிக்கட்டைச் செல்வமாரி எட்டிப் பிடித்துவிட்டாள். டம்ளர் அப்பாவின் உதட்டுக்கு நாலு விரற்கடை மேலே நின்றது. உள்ளே கரைத்திருந்த கரிசல் மண் தண்ணீரை மை மாதிரி ஆக்கியிருந்தது.

“விடுட்டி கையை.”

“ஊத்தாதீங்க அத்தை.”

“ஒரு சொட்டுட்டி. நாக்குல பட்டாப் போதும்.”

“படக்கூடாதுன்னுதான் சொல்லுதேன்.”

கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நடுவில் மகாராஜா கிடந்தார். வாய் திறந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. ஒவ்வொரு மூச்சையும் எங்கோ தூரத்திலிருந்து சுமந்து வந்து இறக்கிவைப்பதுபோல இறக்கிவைத்துவிட்டு, அடுத்ததை எடுக்கப் போனார். வெயிலம்மாள் அவருடைய அக்கா. விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் மிளகாயும் பருத்தியும் போட்டு, பறித்து, எடுத்து வாழ்கிறவள். அந்தக் கையை, புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனியில் துணி வெட்டுகிற தம்பி மகள் பிடித்து நிறுத்துவாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து, முந்தியில் ஒரு கை மண்ணை முடிந்துகொண்டு வந்திருந்தாள். தம்பி பங்கு நிலத்து மண்.

“இது எந்த மண்ணு தெரியுமாட்டி? இவன் பொறந்து தவழ்ந்த மண்ணு. இதுமேல ஆசை நின்னுபோயிருக்கு. அதான் போவ முடியாம கிடக்கான்.”

அந்தப் பக்கத்தில் இது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால், எதன்மேலோ ஆசை மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். நிலத்தின்மேல் என்றால் மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். பொன்னின்மேல் என்றால் நகையை உரசி, பணத்தின்மேல் என்றால் காசைக் கழுவி. ஒரு மடக்கு இறங்கியதும் மனசு ஆறி உயிர் போய்விடும். போகவும்தான் செய்தது. எப்படிப் போகிறது என்பதை மூன்று நாளைக்கு முன்னால் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் செல்வமாரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். தொண்டைக்குக் கீழே கட்டி அடைத்துவிட்டது. இனி எது ஊற்றினாலும் வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குத்தான் போகும். பஞ்சை நனைத்து உதட்டைத் துடையுங்கள், அது போதும். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சொன்னதைச் செல்வமாரி வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்படியும் முந்தாநாள் பக்கத்து வீட்டம்மா பிரியத்தில் ஒரு கரண்டி இளநீரை ஊற்றிவிட்டாள். மகாராஜாவுக்குப் புரையேறி, உடம்பு வில்லாக வளைந்து, முகம் நீலம் பாய்ந்தது. எல்லாம் அடங்கிய பிறகு அவர் மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். பேச்சு அதற்கு முன்பே போயிருந்தது.

“இனி யாரையும் ஊத்த விடமாட்டேன்பா” என்றாள். பிடி தளர்ந்தது. அதற்குப் பிறகு அவர் யார் கையையும் தேடவில்லை.

அன்றிலிருந்து செல்வமாரி தலைமாட்டை விட்டு நகரவில்லை. உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள், நின்றபடியே சாப்பிட்டாள்.

வெயிலம்மாள் டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தாள். கொட்டவில்லை, வைத்தாள்.

“ஏளா பேச்சி, உன் மக நர்சு வேலைக்குப் படிச்சிருக்காளா? எனக்குச் சொல்லவே இல்லையே.”

கால்மாட்டில் கணவனின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்த பேச்சித்தாய் நிமிரவில்லை. “டாக்டர் சொன்னதைச் சொல்லுதா மயினி.”

“டாக்டரா நம்ம ஊரு மூஞ்சில முழிக்கப் போறா? வாயில ஒரு சொட்டு இல்லாம அனுப்பிச்சாங்கன்னு நம்மளைத்தானே சொல்லுவாங்க.”

பேச்சித்தாய் இப்போது நிமிர்ந்தாள். மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ‘ஒரு சொட்டுதானே தாயி’ என்பது இருந்தது. அதுதான் செல்வமாரிக்குப் பயமாக இருந்தது. அத்தை ஒருத்தியை மறித்துவிடலாம். அம்மாவும் சேர்ந்துகொண்டால் அவள் ஒற்றை ஆள்.

அடிவயிறு முட்டிக்கொண்டு வலித்தது. விடியும் முன்பே போயிருக்க வேண்டியது. அத்தை முற்றத்துக் குழாயில் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, புறவாசலுக்கு ஓடிப்போய் ஓடிவந்தாள். அதற்குள் தாய்மாமன் மாடக்கண்ணு தலைமாட்டில் குனிந்து நின்றான். கையில் பச்சைப்பிள்ளைக்குப் புகட்டுகிற பாலாடை.

“மாமா.”

மாடக்கண்ணு பாலாடையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பால் அவன் கைலியில் வழிந்தது. நாற்பது வயதுக்காரன், தீப்பெட்டி லோடு ஏற்றுகிறவன். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விழித்தான்.

“மயினிதான் கொடுத்துச்சு. பாலு ஒண்ணும் செய்யாதுன்னு...”

“மூக்கு வழியா உங்களுக்கு ஒரு பாலாடை ஊத்தட்டுமா? ஒண்ணும் செய்யாது.”

“ஏன் மாமனை வையுத” என்றபடி வெயிலம்மாள் ஈர முகத்தோடு வந்தாள். “அவன் ஆசை எதுல நிக்குதுன்னு தெரியலேன்னுதானே ஆளாளுக்கு ஒண்ணு பாக்குதோம். எனக்குத் தெரியும் எதுலன்னு. முப்பது வயசு முடிஞ்சும் இவ கழுத்துல ஒண்ணு ஏறலையே, அதுலதான் நிக்குது.”

“அதுக்கு எதைக் கரைச்சு ஊத்துவீங்க அத்தை?”

மாடக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாத இடம் என்று தெரிந்து இருமலாக மாற்றிக்கொண்டான். வெயிலம்மாள் முகத்து ஈரத்தை வழித்துவிட்டு, “வாயைப் பாரு, அப்பனுக்குத் தப்பாமப் பொறந்துருக்கு” என்றாள். குரலில் பாதிக் கோபம்தான் இருந்தது.

மாடக்கண்ணு பேச்சை மாற்ற நினைத்தானோ என்னவோ, ஜன்னலோரத்துத் தையல் மிஷினைப் பார்த்தான். “நிலமும் இல்ல, நகையும் இல்ல. அத்தானுக்கு ஆசைன்னு ஒண்ணு இருந்தா அது அந்தக் காருதான்.”

எல்லோரும் திரும்பினார்கள்.

மிஷின் பலகையில் பேப்பர் விரித்து, அதன்மேல் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு கார் நின்றது. கார் என்று சொல்ல ஒரு பார்வை போதாது. முன்னால் மூடி இல்லை. இன்ஜின் வெளியே தெரிந்தது. பின் சக்கரம் இரண்டும் தடித்துப் பெருத்திருக்க, முன் சக்கரம் இரண்டும் சூம்பிப்போய் இருந்தன. மேல் டாப்பும் இல்லை. டாப்பு இரண்டு துண்டாகப் பக்கத்தில் கிடந்தது. சுற்றிலும் கடலை மிட்டாய் டப்பாக்கள் நிறையப் சின்னதும் பெரிசுமாகப் பிளாஸ்டிக் துண்டுகள்.

மகாராஜா குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தவர். அந்த வீட்டுப் பையனுக்கு மாதம் ஒரு பொம்மைக்கார் கிட் வரும். துண்டு துண்டாக இருக்கும், நாம் ஒட்டிச் சேர்க்க வேண்டும். பையன் பாதி ஒட்டுவான், அலுத்துவிடும், குப்பைக்கூடைக்குப் போகும். மூன்று பெட்டியை அவர் எடுத்து வைத்துக்கொண்டார். ஒன்று பழங்காலத்துக் கார், சக்கரம் தொலைந்தது. ஒன்று பிக்கப், முன்பக்கத்தைப் பையன் மிதித்திருந்தான். ஒன்று பந்தயக் கார், பாடி உடைந்து இன்ஜின் மட்டும் பத்திரம். எதுவும் முழுசு இல்லை. ஊருக்கு வந்த அன்று சூட்கேஸைத் திறந்தால் இதுதான் இருந்தது. “ஊரே டி.வி. பொட்டியோட வந்து இறங்குச்சு, இவிய மட்டும் குப்பையோட வந்து இறங்குனாவ” என்று பேச்சித்தாய் இன்றைக்கும் சொல்வாள்.

‘ஹாட் ராட்’ என்பார் மகாராஜா. வெளிநாட்டில் வெள்ளைக்காரர்கள் பழைய காரை எடுத்து, வேண்டாததையெல்லாம் கழற்றி வீசிவிட்டு, வேறு வண்டி இன்ஜினை வைத்து, உடம்பைத் தாழ்த்தி, சொந்தமாக ஒரு வண்டி கட்டுவார்களாம். கடையில் வாங்கினதுபோல இருந்தால் அது ஹாட் ராட் இல்லை. ஊரில் லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டதும் மிஷின்முன் உட்கார்ந்துவிடுவார். செல்வமாரி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். பிளேடு, உப்புத்தாள், தண்ணீர் மாதிரி ஓடுகிற ஒரு பசை. அந்தக் கையில் ஒரு அவசரமும் இருக்காது.

வெயிலம்மாள் மிஷினருகே போய் அந்தக் காரை உற்றுப் பார்த்தாள். பிறகு, செல்வமாரி பயந்தபடியே, “இதுல ஒரு ஓரத்தை உரசி, தண்ணியில...” என்று ஆரம்பித்தாள்.

“பெயிண்ட் அத்தை. விஷம்.”

“அப்போ முடிச்சுக் காட்டு.”

“என்னது?”

“உரசவும் கூடாது, ஊத்தவும் கூடாதுன்னா, குறையை முடிச்சு அவன் கண்ணுல காட்டு. கல்யாணம் பாக்காமக் கிடந்த கொம்பையா மாமாவுக்குப் பேரன் கல்யாணத்தைக் கட்டிலுக்கு முன்னாலேயே வச்சு நடத்தல? மாலையைப் பாத்த அன்னிக்கே போய்ச் சேந்தாரு. அந்த மாதிரி.”

செல்வமாரி காரைப் பார்த்தாள். ஜன்னல் திண்டில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். மண் அடியில் தங்கி மேலே தண்ணீர் தெளிய ஆரம்பித்திருந்தது. அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

“முடிக்கேன். ஆனா முடியுத வரைக்கும் யாரும் ஒரு சொட்டு ஊத்தக்கூடாது. மண்ணு, பாலு, தீர்த்தம், எதுவும்.”

“சரிட்டி.”

“சத்தியம் பண்ணுங்க.”

வெயிலம்மாள் முந்தி முடிச்சில் மிச்சமிருந்த மண்ணைத் தொட்டாள். “இந்த மண்ணு மேல. போதுமா? ஏலே மாடக்கண்ணு, நீயும் தொடு.” மாடக்கண்ணுவும் தொட்டான்.

மிஷினைத் தூக்கிக் கட்டிலோரமாகப் போட்டார்கள். செல்வமாரி முதுகை அப்பாவின் தலைமாட்டுக்குக் கொடுத்து உட்கார்ந்தாள். இனி அவளைத் தாண்டித்தான் அவர் வாய்க்குப் போக வேண்டும். அப்படி உட்கார்ந்தபோது இரண்டு நாளில் முதல்முறையாக அவள் தோள் கொஞ்சம் இறங்கியது.

ஒரு துண்டை எடுத்தாள். உப்புத்தாளைக் கிழித்தாள். தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்தாள், ஊதினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மறுபடி தேய்த்தாள்.

மாடக்கண்ணு குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். “இங்கன பாரு, ஸ்டீயரிங் வலது பக்கம்லா இருக்கு. வெளிநாட்டு வண்டிக்கு இடது பக்கம்தானே வரும்?”

“அப்பா மாத்திட்டாவ. டேஷ்போர்டை அறுத்துத் திருப்பி வச்சு, ஓட்டையை எம்சீல் போட்டு அடைச்சு.”

“ஏன், ஆர்.டி.ஓ. புடிச்சிருவாருன்னா?”

“நானும் கேட்டேன். குவைத்துலதான் அடுத்தவன் பக்கத்துல உக்காந்து ஓட்டுனேன், என் வண்டியிலயாவது என் பக்கத்துல உக்காந்து ஓட்டிக்கிடுதேன்னாவ.”

மாடக்கண்ணு சிரித்தான். பேச்சித்தாயும் பாதத்தைத் தடவிக்கொண்டே லேசாகச் சிரித்தாள். “பின் சக்கரம் மட்டும் ஏன் இப்படி ஊதிக் கிடக்கு?” என்றாள் வெயிலம்மாள்.

“அது பிக்கப்போட சக்கரம். முன்னாடி இருக்கது பந்தயக் காருது.”

“அப்போ இது எந்தக் காரும் இல்லேன்னு சொல்லு. நம்ம ஊர்ல மாட்டு வண்டிக்கு லாரி டயரைப் போட்ட கதை. அந்த வண்டியையாவது மாடு இழுக்கும்.” சொல்லிவிட்டு அவள் தம்பியின் நெற்றியில் கை வைத்தாள். “சின்னதுலயும் இப்படித்தான். ரெண்டு செத்த பம்பரத்தை அறுத்து ஒரு பம்பரம் பண்ணுவான். சுத்தவே சுத்தாது.”

வெயில் ஏறியது. மாடக்கண்ணு டீ வாங்கி வருகிறேன் என்று தூக்குவாளியோடு போனான். பேச்சித்தாய் கட்டில் காலில் சாய்ந்து அப்படியே அசந்துவிட்டாள். செல்வமாரி தேய்த்துக்கொண்டிருந்தாள். தூள் அவள் மடியில் கறுப்பாகப் படிந்தது. மூச்சின் சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்தது, நின்றது, வந்தது.

“ஏட்டி” என்றாள் வெயிலம்மாள் தாழ்ந்த குரலில்.

“ம்.”

“நிரை பிடிச்சுப் பருத்தி எடுக்கையில, பக்கத்து நிரைக்காரி வேணும்னே மெதுவா எடுத்தா எனக்கு முதுகைப் பாத்தே தெரியும்.”

செல்வமாரியின் கை நிற்கவில்லை. ஆனால் உப்புத்தாள் பிளாஸ்டிக்கைத் தொடாமல் காற்றில் ஒருமுறை போய் வந்தது.

“அந்தத் துண்டு எப்பவோ தேஞ்சாச்சு. உக்காந்ததுல இருந்து நீ அதே ஓரத்தைத்தான் தேய்க்க.”

“உங்க டம்ளரு அங்கனதானே இருக்கு அத்தை.”

“இருக்கு. நான் சத்தியம் பண்ணிட்டேன், தொடமாட்டேன். நீ சாயந்தரம் வரை தேய்ச்சாலும் தொடமாட்டேன். நாளைக்கு வரை தேய்ச்சாலும் தொடமாட்டேன்.” வெயிலம்மாள் கட்டிலைக் கையால் காட்டினாள். “ஆனா திரும்பி அவனைப் பாத்துட்டுத் தேயி.”

செல்வமாரி திரும்பினாள்.

இரவெல்லாம் அவள் அந்த வாயைத்தான் பார்த்திருந்தாள். வாயை மட்டும்தான். ஒரு கதவைப் பார்ப்பதுபோல, யார் வருகிறார்கள் என்று. இப்போது முகம் முழுவதும் தெரிந்தது. கன்னத்தில் கட்டைவிரல் போகிற அளவுக்குப் பள்ளம். கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறுபோல விறைத்துத் தளர்ந்தது. காதோரம் வியர்வை ஒரு கோடாக ஓடித் தலையணையை நனைத்திருந்தது. இவர் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. தனியாக, பளுவான ஒரு வேலை. யாரும் கைகொடுக்க முடியாதது.

பஞ்சை நனைத்து அந்த உதட்டைத் துடைத்தாள். காதோரத்தைத் துடைத்தாள். பிறகு மிஷினுக்குத் திரும்பி, கையில் இருந்த உப்புத்தாளை மடித்துக் கீழே போட்டாள்.

“அந்தச் சிவப்பு டப்பாவை எடுங்க அத்தை” என்றாள்.

இப்போது அவள் வேகமாகச் செய்தாள். காரின் டாப்பைத் தாங்குகிற நாலு தூணையும் அப்பா அறுத்துக் குட்டையாக்கியிருந்தார். வண்டி பதுங்கி நிற்பதுபோல இருக்க வேண்டும் என்பார். ஆனால் முன் தூண்கள் சாய்வானவை. சாய்ந்ததில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால், மேல்பாதி இறங்கி உட்காரும்போது கீழ்ப்பாதியை விட்டுத் தள்ளிப் போய்விடும். பின்பக்கம் சேர்ந்தால் முன்பக்கம் எட்டாது. அதற்காகத்தான் டாப்பைக் குறுக்கே இரண்டாக அறுத்திருக்கிறார். நடுவில் ஒரு பட்டை வைத்து நீளம் கூட்ட வேண்டும். அந்தப் பட்டைக்கு வரும் முன்னே கட்டிலுக்கு வந்துவிட்டார்.

“சட்டைத் தோள்ல துணி பத்தலேன்னா ஒட்டுப் போடுவோம்லா, அதேதான்” என்று சொல்லிக்கொண்டே டப்பாவைக் கிளறினாள். மிதிபட்ட பிக்கப்பில் எதுவும் தட்டையாக இல்லை. அடியில், சுமை ஏற்றுகிற பின்கதவு கிடைத்தது. சிவப்பு. புடைத்த எழுத்துகள் இருந்தன. எழுத்தைச் சீவினாள். பட்டையாக வெட்டினாள். வைத்துப் பார்த்தாள், அகலம். சீவினாள், வைத்தாள், இன்னும் அகலம். அடுத்த முறை கொஞ்சம் கூடச் சீவிவிட்டாள். ஒரு பக்கம் மயிரிழை இடைவெளி தெரிந்தது.

“விடு, யாரு பாக்கப் போறா” என்றாள் வெயிலம்மாள்.

“அப்பா பாப்பாவ.”

சொன்ன பிறகுதான் சொன்னதைக் கேட்டாள். வெயிலம்மாள் டப்பாவைக் கவிழ்த்து, விரலால் துழாவி, இன்னொரு சிவப்புத் துண்டை எடுத்து நீட்டினாள்.

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. மாடக்கண்ணு தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். பேச்சித்தாய் விழித்துக்கொண்டு, முழங்காலால் நகர்ந்து கிட்டே வந்தாள். செல்வமாரி புதிய பட்டையை இரண்டு துண்டுக்கும் நடுவில் வைத்து, பசைத் தூரிகையை இணைப்பின் ஓரத்தில் தொட்டாள். பசை தானாகவே கோட்டுக்குள் ஓடி, மூன்றையும் நனைத்தது. கறுப்பு, சிவப்பு, கறுப்பு.

“கலரு ஒட்டலையே தாயி” என்றாள் பேச்சித்தாய்.

“பெயிண்ட் கடைசியாத்தான்மா அடிப்பாவ.”

பட்டை பிடித்துக்கொள்ளும் வரை எல்லோரும் அதையே பார்த்தார்கள். வெளியே கழுகுமலை பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது. செல்வமாரி டாப்பைத் தூக்கித் தூண்கள்மேல் இறக்கினாள். பின்னால் இரண்டும் உட்கார்ந்தன. முன்னால் இரண்டும் உட்கார்ந்தன. அளவு சரி.

பசையைத் தொட்டு நாலு தூணிலும் வைத்தாள். டாப்பை வைத்தாள். இரண்டு நாள் தூங்காத விரலில் டாப்பு ஒரு நூல் நகர்ந்தது. எடுத்துத் திரும்ப வைத்தாள். திரும்பவும் நகர்ந்தது.

“கிளிப்பு ஏதாவது போடேன்” என்றான் மாடக்கண்ணு.

“கிளிப்பு நசுக்கிரும் மாமா, தூணு நெளிஞ்சிரும். விரல்தான்.” அவள் அத்தையைப் பார்த்தாள். “நீங்க பிடிக்கீங்களா?”

“நானா?”

“அழுத்தக்கூடாது. விடவும் கூடாது.”

வெயிலம்மாள் வலது கையைச் சேலையில் துடைத்தாள். நகக்கண்ணிலும் ரேகையிலும் காலமெல்லாம் ஊறிய கறுப்பு அதனால் போகவில்லை. சருகு ஒட்டாமல் சுளையிலிருந்து பஞ்சை மட்டும் உருவி எடுக்கிற விரல்கள் அவை. கட்டைவிரலும் நடுவிரலுமாக அந்தச் சின்ன டாப்பின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, இடது உள்ளங்கையில் காரை ஏந்திக்கொண்டாள். டாப்பு அசையாமல் நின்றது.

“எம்புட்டு நேரம்டி?”

“நான் சொல்லுதேன்.”

பின்னால் சத்தம் இல்லை. செல்வமாரி திரும்பினாள். பிறகு ஒரு மூச்சு வந்தது, சின்னதாக, வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போகிறவர் மாதிரி. அவள் பஞ்சை எடுத்தாள். நனைத்தாள். உதட்டைத் தொட்டாள். பேச்சித்தாய் கால்மாட்டிலிருந்து மேலே வந்து கணவனின் நெஞ்சில் கையை வைத்தாள். இன்னொன்று வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வழக்கத்தைவிட நேரமானது. இன்னும் கொஞ்சம் நேரமானது. மாடக்கண்ணு தூக்குவாளியைத் தரையில் வைத்தான். அந்தச் சத்தம்தான் அறையில் கேட்டது.

“அக்கா” என்றான் பேச்சித்தாயிடம். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தகவல் சொல்ல வெளியே போனான்.

செல்வமாரி அப்பாவின் கண்ணை மூடினாள். இரண்டாவது முறை நின்றது. வாய் திறந்தே இருந்தது. உள்ளங்கையை மோவாய்க்குக் கீழே கொடுத்து மெல்ல மேலே தள்ளினாள். பல்லும் பல்லும் சேர்ந்தன. கையை எடுத்தால் திரும்பத் திறந்துகொள்ளும் என்று தெரிந்தது. எடுக்கவில்லை.

“அம்மா, கட்டுறதுக்கு ஒரு துணி.”

பேச்சித்தாய் எழுந்து கொடியில் கிடந்த வேட்டியை இழுத்தாள். ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்கப் பார்த்தாள். வேட்டி கிழியவில்லை. அவள் வாயில் துணியோடு அங்கேயே உட்கார்ந்து, அழத் தொடங்கினாள்.

அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, கூந்தலை அவிழ்த்துக்கொண்டு, ஒருவர்பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் பேச்சித்தாயைத் தூக்கி நடுவில் உட்காரவைத்தார்கள். பிறகு எல்லோரும் வெயிலம்மாளைப் பார்த்தார்கள். கூடப்பிறந்தவள் அவள்தான். அவள் குரலெடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்க முடியும்.

வெயிலம்மாள் காரைப் பிடித்தபடி கட்டிலின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து வடிந்தது மோவாயில் தொங்கிச் சொட்டியது. துடைக்க அவளுக்குக் கை இல்லை.

“ஏட்டி” என்றாள், தம்பியின் முகத்தைப் பார்த்தபடியே. “விடலாமா?”

செல்வமாரியின் உள்ளங்கையில் அப்பாவின் மோவாய் இன்னும் சூடாக இருந்தது. நாலு நாள் தாடி குத்தியது.

“இன்னும் பிடிக்கல அத்தை.”

வெயிலம்மாள் தலையை அசைத்தாள். இடது கையைக் காரின் அடியிலிருந்து மெதுவாக எடுத்தாள். டாப்பைப் பிடித்த இரண்டு விரலில் வண்டி முழுவதும் தொங்கியது, தாங்கியது. அவள் கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கி, பெண்களோடு உட்கார்ந்தாள். இடது கையைப் பேச்சித்தாயின் தோளில் போட்டாள். ஆளுக்கு ஆள் தோளில் கை போட்டு வட்டம் சேர்ந்தது. தலைகள் நடுவில் குனிந்தன. ‘என்னைப் பெத்த மகராசா’ என்று அவள் குரலெடுத்தாள். மற்றவர்கள் ஏந்திக்கொண்டார்கள். உடம்புகள் ஒருபக்கமாகச் சாய்ந்து மறுபக்கமாகச் சாய்ந்தன.

வட்டத்துக்கு வெளியே, யாருடைய தோளும் இடித்துவிடாத உயரத்தில், அவளுடைய வலது கை மட்டும் ஆடாமல் நின்றது.